"சபை வேலையை நானே முடிச்சுத் தாறன்" என்று மொத்தமாகக் காசு கேட்பவரிடம் கவனம் (திருகோணமலையில் வீடு கட்டுவோருக்கு)

வீட்டுப் பிளானுக்கு உள்ளூராட்சிச் சபையின் அனுமதி எடுக்க வேண்டும். பிளான் கீறுபவரோ அவரோடு திரியும் தரகரோ "பிளானுக்கும் சபைக்கும் எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரு தொகை சொல்வது இங்கே வழமையாகிவிட்டது. அப்படிக் கேட்பவர் எல்லோரும் கள்ளர் இல்லை. ஆனால் ஏமாற்று நடந்த இடங்களில் கதை பெரும்பாலும் இந்த மொத்தத் தொகையில்தான் தொடங்குகிறது.

பாலையூற்றுப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைப் பாருங்கள். காசு முழுக்க முதலிலேயே கொடுத்தாயிற்று. சில கிழமைகளில் முத்திரையும் கையொப்பமும் போட்ட பிளான் கைக்கு வந்தது. அத்திவாரம் வெட்டி, சுவர் லின்ரல் மட்டம் வந்த பிறகு வங்கிக் கடனுக்குப் போனார்கள். வங்கி சபையிடம் உறுதிப்படுத்தக் கேட்டது. சபையில் அந்தக் காணிக்கு ஒரு கோவையே (பைல்) இல்லை, விண்ணப்பமே போகவில்லை. தரகரின் தொலைபேசி அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

அந்தப் பிளானை மேசையில் விரித்துப் பார்த்தாலே விளங்கும். முத்திரை முதல் தாளில் மட்டும்தான், அதுவும் அரைவட்டம் அழிந்து. கையொப்பத்தில் விரலை நனைத்துத் தேய்த்தால் மை அசையவில்லை, ஏனென்றால் அது போட்டோக்கொப்பி. கோவை இலக்கம் இல்லை, அனுமதித்த திகதி இல்லை, நிபந்தனைகள் எழுதிய கடிதமும் கூட வரவில்லை. உண்மையான அனுமதி பிளானோடு மட்டும் வராது. அதனோடு இலக்கமும் திகதியும் போட்ட கடிதம் இருக்கும், அதில் நிபந்தனைகள் இருக்கும், காலாவதித் திகதியும் இருக்கும். அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான். முடிய முதல் நீடிக்க வேண்டும்.

"பற்றுச்சீட்டு தந்தவரே" என்பார்கள் ஏமாந்தவர்கள். தரகர் தந்தது புத்தகக் கடையில் வாங்கும் பில் புத்தகத்துச் சீட்டு. சபையில் நேரே காசு கட்டும் இடம் சிறாப்பர் (காசாளர்) யன்னல்தான். அங்கே தரும் சீட்டில் சபையின் பெயரும் தொடரிலக்கமும் இருக்கும், என்ன கட்டணம் என்று எழுதியிருக்கும், கட்டியவர் பெயர் உங்கள் பெயராக இருக்கும். தரகர் போய்க் கட்டினாலும் பரவாயில்லை, மூலச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். கழிவு அகற்றும் பவுசருக்கும் இதே கதைதான். கந்தோரில் கட்டாமல் சாரதி கையில் கொடுத்தால் அது சபைக்குக் கட்டியதாகாது.

நேர்வழி அவ்வளவு கடினமில்லை. விண்ணப்பப் படிவத்தைச் சபையில் வாங்கி நிரப்ப வேண்டும். அதோடு பிளான் பிரதிகள் (வழமையாக மூன்று), நில அளவைப் படம், காணி உறுதியின் பிரதி, நடப்பு வருட வரிச்சீட்டு ஆகியவை போகும். செயன்முறைக் கட்டணம் கட்டிடத்தின் தரைப் பரப்பைப் பொறுத்தது, ஆகவே "எல்லா வீட்டுக்கும் ஒரே றேற்" என்று சொல்பவரை அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணிக்கு வருவார், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பார்ப்பார், கடைசியில் திட்டமிடல் குழுவுக்குப் போகும். நாடா பிடித்து அளக்க ஒருவரும் வராமல் "பிளான் பாஸ்" என்றால், பாஸ் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தரகர் ஏன் விண்ணப்பத்தைக் கொடுக்காமலே விடுகிறார்? சோம்பல் இல்லை. கொடுத்தால் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். மேலே சொன்ன காணி சகோதரங்களுக்குள் இரண்டாகப் பிரிந்தது. உறுதி எழுதியாயிற்று, நில அளவையாளர் படமும் கீறியாயிற்று, ஆனால் பிரிப்பைச் சபை அனுமதிக்கவில்லை. அது இல்லாமல் கட்டிட பிளான் நகராது. அடுத்தது ஒழுங்கை. வீதிக்கோட்டுக்கு (வீதிக்காக ஒதுக்கும் எல்லைக்கு) விடவேண்டிய இடத்துக்குள் மதிலும் போர்ட்டிக்கோவும் வந்திருந்தன. மூன்றாவது, கிணறு. மணல் நிலத்தில் மலக்குழியின் கழிவு கிணற்றுக்குச் சுலபமாக ஊறிப் போகும், அதனால் பரிசோதகர் முதலில் கேட்பது கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தை. ஐம்பது அடி விட இடமில்லாத சின்னக் காணிகளில், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்துப் பிளானில் குறிக்க வேண்டும். இங்கே அதைக் குறிக்கவே இல்லை. மூன்றும் பிளான் கீற முதலே ஒரு பின்னேரத்தில் பார்த்திருக்கக் கூடியவை.

எந்தச் சபை என்பதிலும் ஆட்கள் குழம்புகிறார்கள், தரகர் அதில் காசு பார்க்கிறார். உப்புவெளி, "திருகோணமலை பட்டினமும் சூழலும்" என்ற பிரதேச சபைக்குள் வரும், நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்கு. கரையோரக் காணி என்றால் சபை அனுமதி மட்டும் போதாது. உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தனியே வேண்டும். "கடலுக்கும் வளவுக்கும் இடையில றோட்டு இருக்கு, பிரச்சினை இல்லை" என்பது பொய்.

வரிச்சீட்டைக் காட்டிக் காணி விற்பவரும் உண்டு. மதிப்பீட்டு வரி கட்டியவர் காணிக்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். உரித்தைக் காணிப் பதிவகத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். அரச காணிப் பெர்மிற் என்றால் பிரதேச செயலகத்தில் கேளாமல் கைக்காசு கொடுக்க வேண்டாம். வரி விசயத்தில் இன்னொரு சின்ன மோசடி, "கழிவு (தள்ளுபடி) வாங்கித் தாறன்" என்பது. முழு வருட வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதமும், காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதமும் கழிவு எவருக்கும் கிடைக்கும். இதற்கு ஒருவர் தேவையில்லை.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் கட்டிட வேலையை உடனே நிறுத்துங்கள். கூரை போட்டுவிட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று மேசன்மார் சொல்வதை நம்பாதீர்கள். அனுமதியற்ற கட்டிடத்தை இடிக்க நீதவான் நீதிமன்றக் கட்டளை வரலாம். உறுதியையும் படத்தையும் எடுத்துக்கொண்டு நேரே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போங்கள், பொதுமக்கள் சந்திப்பு நாளில் போனால் மேசையில் பிடிக்கலாம். விதிகளுக்குள் அடங்கினால் மேலதிகக் கட்டணத்தோடு "கவரிங் அப்ரூவல்" (கட்டிய பிறகு பெறும் அனுமதி) எடுக்க வழி இருக்கிறது. அடங்காத பகுதியை மட்டும் உடைக்க நேரலாம். வீடு முடிந்ததும் அனுமதித்தபடிதான் கட்டியது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழை (சீ.ஓ.சி.) எடுக்க மறக்க வேண்டாம், விற்கும்போது சீ.ஓ.சி. எங்கே என்றுதான் கேட்பார்கள்.

உத்தியோகத்தர் ஒருவரே காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள். கொடுத்துவிட்டு அழைத்தால் உங்களுக்கும் சிக்கல், கொடுப்பதும் குற்றம்தான். தரகர் ஏமாற்றியதென்றால் பொலிஸ் முறைப்பாடு. அதற்கு முதல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் கொடுங்கள். கோவை இலக்கம் இல்லாவிட்டாலும் உறுதியிலுள்ள பெயர், வரி இலக்கம், நில அளவைப் பட இலக்கம் எழுதினால் போதும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "அவ்வாறான விண்ணப்பம் கிடைக்கவில்லை" என்று சபை எழுதித் தரும் கடிதத்தைப் போலி பிளானோடும் தரகரின் பில்லோடும் வங்கியில் காசு அனுப்பிய சீட்டுகளோடும் சேர்த்து முறைப்பாட்டில் இணையுங்கள். பிளானின் மூலப்பிரதியை எவரிடமும் திருப்பிக் கொடுக்காதீர்கள். "சரிபண்ணித் தாறன், தாங்கோ" என்று அதைத்தான் முதலில் வந்து கேட்பார்கள்.