பேக்பஸ்: ஆறு வருடம், 13 எபிசோடு

மகளுக்கு மூன்று வயதானபோது 'பேக்பஸ்' டிவிடி வாங்கினோம். இப்போது அவளுக்கு ஒன்பது, தம்பிக்கு நாலு. 1974-ல் பிபிசியில் வந்த குழந்தைகளுக்கான பொம்மைத் தொடர். மொத்தமே 13 எபிசோடு, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் ஏமாற்றம்தான். தொடக்கத்தில் பழுப்பேறிய பழைய போட்டோக்கள் வரும். "கலர் இல்லையா?" என்று மகள் எழுந்து போய்விட்டாள். கொஞ்சம் பொறுத்தால் துணிப்பூனை பேக்பஸ் கண் விழிக்கும், படமும் கலருக்கு மாறும். அதுவரை உட்காரவைப்பது நம் பாடு.

எமிலி என்ற சிறுமியின் கடையில்தான் எல்லாம் நடக்கிறது. அங்கே எதையும் விற்பதில்லை. தெருவில் கிடைத்த உடைசலை அவள் கொண்டுவந்து வைப்பாள்; பொம்மைகள் கூடி அது என்னவென்று வாதாடும்; எலிகள் பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்துச் சரிசெய்யும். பிறகு ஜன்னலில் வைத்துவிடுவார்கள், தொலைத்தவர் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று.

எங்கள் வீட்டில் அதிகம் தேய்ந்தது பிஸ்கட் மில் எபிசோடு. ரொட்டித்தூளையும் பீன்ஸையும் கொட்டினால் சாக்லேட் பிஸ்கட் வருகிறது என்று எலிகள் கதை அளக்கும். பார்த்தால், ஒரே பிஸ்கட்டைப் பின்பக்கமாக உருட்டிக்கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்! மகனுக்கு முடிவு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எலிகளைக் காட்டிக்கொடுக்கக் கத்துவான்.

இதை உருவாக்கியது ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபர்மின் என்ற இரண்டே பேர், இங்கிலாந்தின் கேன்டர்பரி பக்கத்தில் ஃபர்மினின் பண்ணைக் கொட்டகையில். போட்டோவில் வரும் எமிலி ஃபர்மினின் மகள். பூனை ஆரஞ்சு நிறத்தில் வந்திருக்க வேண்டியது. சாயம் போட்ட இடத்தில் தவறிப்போய் இளஞ்சிவப்பாகிவிட்டது. இதைச் சொன்னதிலிருந்து மகள் கலர் மாற்றி அடித்தால் திட்ட முடிவதில்லை.

குறைகளும் உண்டு. பெரிய டிவியில் படம் மங்கல். நடுவில் படங்களை மட்டும் காட்டிக் கதைப்பாட்டு பாடும்போது மகன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். மரங்கொத்திப் பேராசிரியர் யாஃபில், தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை மனதில் வைத்துச் செய்த பாத்திரமாம். அவர் வாயைத் திறந்தால் சின்னவனுக்குப் பாதி புரிவதில்லை. சில நாள் எனக்கும்தான்.

எனக்குப் பெரிய லாபம் கடைசி ஒரு நிமிடம். பேக்பஸ் கொட்டாவி விட்டுத் தூங்கியதும் மற்றவையும் வெறும் பொம்மைகளாகி அசையாமல் நின்றுவிடும், படம் மறுபடி பழுப்பாகும். அதோடு மகனுக்கும் கொட்டாவி. மற்ற கார்ட்டூன் முடிந்தால் வரும் "இன்னொண்ணு" இதற்கு வருவதே இல்லை.

பக்கவிளைவு ஒன்று: போன மாதம் பூங்காவில் கிடந்த ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து, கழுவி, எங்கள் ஜன்னலில் வைத்திருக்கிறான். கேட்டு யாரும் வரவில்லை. தூக்கிப்போடவும் விடமாட்டேன் என்கிறான்.