மரைன் பிளைவுட் என்று சொல்லிக் கொடுத்த பிரிண்டிங் மேசை: கடலோரத்தில் இருப்பவர்கள் ஏமாற வேண்டாம்

போன ஆவணியில் துணிக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போட மடக்கு மேசை ஒன்று செய்யக் கொடுத்தேன். 7,500 ரூபாய். மார்கழி முடிவதற்குள் அது வீணாகிவிட்டது, கூடவே என் தாம்பூலப் பைகள் 140-உம். நம் பக்கம் வீட்டில் இந்தத் தொழில் செய்யும் பெண்கள் நிறையப் பேர் இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மண்டபத்தில், கடலிலிருந்து நடக்கிற தூரம். நானும் என் மதினியும் மஞ்சப்பையில் கல்யாணப் பெயர், குத்துவிளக்கு எல்லாம் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறோம். 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு துணிப்பை கேட்பவர்கள் கூடினார்கள். அதுவரை தரையில் பலகை போட்டுத்தான் வேலை, முதுகு போய்விட்டது. வீடு சின்னது என்பதால் வேலை முடிந்ததும் மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாய்க்கிற மாதிரி மேசை வேண்டும் என்று ராமநாதபுரம் பக்கம் ஒரு பட்டறையில் சொன்னோம்.

4 அடிக்கு 2½ அடி, 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை), ஜி.ஐ. பைப் கால் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), துருப்பிடிக்காத கீல். மூன்றையும் அழுத்திச் சொன்னேன். "கவலையே படாதீங்க தங்கச்சி, கடல் தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் அந்த அண்ணன். பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி சேரும், எதுக்கு வீண் செலவு என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அது நான் செய்த பெரிய தவறு.

மேசை வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே மைக்கா, நாலு ஓரத்திலும் பட்டி ஒட்டியிருந்தது, காலுக்கு சில்வர் பெயின்ட். அடியில் மரைன் என்று ஒரு முத்திரை. இப்போது யோசித்தால், உள்ளே இருப்பது எதுவுமே கண்ணில் படாதபடி மூடித்தான் கொடுத்திருக்கிறார்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, தைக் கல்யாணத்துக்கு 300 பை ஆர்டர் வந்தது. இரண்டு கலர். முதலில் அரக்கு, அது காய்ந்த பிறகு பச்சை. இரண்டாவது கலர் முதல் கலரின் மேல் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். எங்களுக்கோ இடது பக்கம் சரியாக விழுந்தது, நடுவில் பச்சை விலகியது, சில இடத்தில் மை பரவியது. பிரேமைக் குறை சொன்னோம், மையைக் குறை சொன்னோம், மதினி ஸ்குயீஜியை (மையை வழித்து இழுக்கும் ரப்பர் பட்டை) இழுக்கிற விதத்தைக்கூடக் குறை சொல்லிவிட்டேன், பாவம். 140 பை போன பிறகுதான் ஸ்டீல் ஸ்கேலை மேசையின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தேன். இரண்டு முனையும் தொட்டன. நடுவில், ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு ரூபாய்க் காசு தாராளமாக நுழைந்தது.

மேசை குழிந்தால் துணிக்கும், பிரேமில் இழுத்துக் கட்டிய வலையான மெஷ்ஷுக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். அந்த இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருந்தால்தான் ஸ்குயீஜி கடந்ததும் மெஷ் துணியை விட்டுச் சட்டென்று எழும்பும். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு மையை இழுத்துவிடும்.

ஓரப் பட்டியைக் கத்தியால் நெம்பினேன். உள்ளே பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. கமர்ஷியல் என்று விற்கிற சாதாரண எம்.ஆர். பலகை அது. அதில் போடும் பசை ஈரக்காற்றை ஓரளவு தாங்கும், தண்ணீர் இறங்கினால் விட்டுவிடும். நாங்கள் தினமும் மை துடைக்க ஈரத்துணி போடுகிறவர்கள், போதாததற்கு வாடைக்காற்று. காலும் ஜி.ஐ. இல்லை, வெறும் இரும்பு. மடக்கும் இடத்தில் பெயின்ட் உரசிப்போய், துரு துணியில் கறையாக இறங்கியது.

போன் செய்தேன். "கடக்காத்துக்கு எதும்மா நிக்கும்?" என்றார் அதே அண்ணன். பிறகு போனே எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் என் கையில் பில் இல்லை. என்ன பலகை தருவதாக ஒப்புக்கொண்டார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரி இல்லை.

மேசை செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் பாருங்கள். மரைன் பிளைவுட்டுக்குத் தர எண் ஐ.எஸ். 710. பலகையில் அந்த எண்ணும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை, இந்த முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டும். என் மேசையில் வெறும் பெயர்தான் இருந்தது, எண்ணே இல்லை. அறுப்பதற்கு முன்னால் முழு ஷீட்டை நேரில் பாருங்கள், மைக்கா ஒட்டுவது அதற்குப் பிறகு. அறுத்து மீந்த துண்டைக் கேட்டு வாங்கிக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பழைய மேசையின் துண்டை அப்படிப் போட்டேன், ஒரு மணி நேரத்தில் பிரிந்தது. ஜி.ஐ. பைப்பைப் பெயின்ட் அடிக்காமல் பார்க்க வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும், அங்கே மட்டும் ஜிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். பில்லில் இதெல்லாம் எழுதி வாங்குங்கள்.

இப்போது பலகையை நானே பார்த்து வாங்கி, உள்ளூர் ஆசாரி ஒருவரை வீட்டுக்கே வரவைத்துச் செய்துவிட்டோம். ஓரங்களில் வார்னிஷ் மூன்று கை, மேலே கம்பளி விரித்து அதன்மேல் கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கிறோம். தினமும் வேலை தொடங்கும் முன் மதினி ஸ்கேலை நீளத்தில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வைத்துப் பார்க்கிறாள். அந்த 140 பைக்கும் துணி, மை எங்கள் கைக்காசு. கல்யாண வீட்டுக்கு முந்தின நாள் ராத்திரிதான் கொண்டுபோய்க் கொடுத்தோம்.