இந்தோராக், நெடர்பீட்: டென் ஹாக்கின் இரண்டு அலைகள்

இந்தோராக், நெடர்பீட் என்ற இரண்டு நெதர்லாந்து ராக் இசை அலைகளுக்கும் டென் ஹாக் நகரமே முக்கியக் களம். ஆனால் கேட்டால் ஒன்றுபோல் இருக்காது.

இந்தோராக், இந்தோனேசிய விடுதலைக்குப் பின் நெதர்லாந்து வந்த ஐரோப்பிய-இந்தோனேசியக் கலப்பினக் குடும்பங்களின் இசை. அதில் கிட்டார்தான் நாயகன். பல உருப்படிகளில் பாட்டே கிடையாது. டீல்மன் பிரதர்ஸ் குழுவினர் 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அசத்தினார்கள். கிட்டாரைத் தலைக்குப் பின்னால் பிடித்தும் பல்லால் மீட்டியும் வாசித்தவர்கள் அவர்கள். அக்குழுவின் ஆண்டி டீல்மன் தன் ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் மின் கிட்டாரில் கூடுதலாக நான்கு தந்திகள் பூட்டி, பத்துத் தந்திக் கிட்டாராக்கினார், ஒலி அடர்ந்தது.

இந்தோராக்கின் வீழ்ச்சிக்குக் காரணம் திறமைக் குறைவல்ல. சிறந்த குழுக்கள் ஜெர்மன் கிளப்புகளில் இரவு முழுக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, உள்நாட்டு ரசனை மாறிவிட்டது. 1964 ஜூனில் பீட்டில்ஸ் நெதர்லாந்தின் பிளாக்கர் என்ற ஊரில் பாடிய பிறகு, இளைஞர்கள் குரலையும் சொந்தப் பாடல்களையும் விரும்பினார்கள்.

அந்த இடத்தை நிரப்பியது நெடர்பீட்: ஆங்கில வரிகள், கரடுமுரடான ரிதம் அண்ட் புளூஸ், மூன்று நிமிட சிங்கிள்கள் (தனிப்பாடல் இசைத்தட்டுகள்). கியூ65, கோல்டன் இயரிங்ஸ், ஆம்ஸ்டர்டாமின் அவுட்சைடர்ஸ் ஆகிய குழுக்களைக் கடலில் நின்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ வெரோனிகா வீடுகளுக்குக் கொண்டுபோனது. 1968 வாக்கில் ரசிகர்கள் ஆல்பங்களுக்கும் நீண்ட பாடல்களுக்கும் நகர, சிங்கிளை நம்பிய குழுக்கள் தடுமாறின. கோல்டன் இயரிங்ஸ் பெயரின் கடைசி ‘ஸ்’ஸை விட்டுவிட்டு ஹார்ட் ராக்குக்கு மாறிப் பிழைத்தது. டென் ஹாக் குழுவான ஷாக்கிங் புளூவின் ‘வீனஸ்’ பாடல் 1970இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது, அலை ஏற்கெனவே வடிந்திருந்தது.

கிட்டார் கற்பவர்கள் இந்தோராக்கில் தொடங்கட்டும். விரல் வேகமும் மேடைத் துணிவும் அங்கேதான் அதிகம்.