பழைய அம்பாசடருக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்: செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

காலையில் சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட்டரோடு மல்லுக்கட்டும்போதுதான் இந்த ஆசை எட்டிப் பார்க்கும்: கார்புரேட்டரைத் தலைமுழுகிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் ஒன்றைத் தூக்கி வைத்தால் என்ன? சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் விசாரித்தால் இன்ஜின் விலை கைக்கு அடக்கமாகவே தெரியும். கையைக் கடிப்பது அதற்குப் பின்னால் வரும் செலவுகள்.

1489 சிசி அம்பாசடருக்கு மூன்று வழிகள் உண்டு. இருக்கும் இன்ஜினையே முழு ஓவர்ஹால் செய்யலாம். அதே இன்ஜினில் கார்புரேட்டரை மட்டும் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் கிட் பொருத்தலாம். அல்லது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே பிற்கால அம்பாசடரில் வைத்த இசுசு 1.8 இன்ஜினை, அதன் எம்.பி.எஃப்.ஐ. வடிவத்தில் ஏற்றலாம்.

ஓவர்ஹாலில் மர்மம் எதுவும் இல்லை. போரிங், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை என எல்லாமே நம் லேத் பட்டறைகளுக்குக் கை பழகியவை. ஹெட்டைக் கழற்றும்போதே ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தாங்கும் கடின வால்வு சீட்டுகளைப் போட்டு, தீப்பொறிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்து, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட்டால் காலைத் தகராறில் பாதி தீர்ந்துவிடும். என் உத்தேசக் கணக்கில் ஒரு லட்சத்துக்குள் முடியும்.

கிட் வழி கேட்பதற்கு அழகாக இருக்கும். எனக்கு உடன்பாடு இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) வடிவமைத்த இந்த 1489 இன்ஜினின் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் துளைகள். இரண்டு சிலிண்டர்கள் ஒரே துளை வழியாக மூச்சு வாங்குவதால், ஒன்றுக்கென்று தெளித்த பெட்ரோலைப் பக்கத்துச் சிலிண்டர் இழுத்துக்கொள்ளும். இதே துளை அமைப்புள்ள இன்னொரு பி.எம்.சி. இன்ஜின் கொண்ட மினி காருக்கு ரோவர் நிறுவனம் முதலில் ஒற்றை இன்ஜெக்டர்தான் வைத்தது. 1996இல்தான் இரண்டு இன்ஜெக்டருக்குப் போனது. நமக்கும் கார்புரேட்டர் இடத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் த்ராட்டில் பாடி வகைதான் ஒத்துவரும். அமெரிக்க கிட்டுகள் ஆயிரம் டாலருக்கு மேல்; சுங்க வரி தனி. அதைப் பொருத்திய பிறகும் இன்ஜின் அதே ஐம்பது சொச்சம் குதிரைத்திறன்தான். எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணினியில் அமைக்கும் மேப்பிங் தெரிந்த ஆளையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

இசுசுவுக்கு வருவோம். 1817 சிசி, சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். இதே உடம்பில் கம்பெனியே பொருத்தி விற்றதால் மவுண்ட் முதல் ரேடியேட்டர் வரை எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இன்ஜினை மட்டும் தனியாக வாங்கிவந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கியர்பாக்ஸ் மாறுவதால், அதிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் ஒத்துவராது. ஸ்டியரிங் கம்பத்தில் இருந்த கியர் தரைக்கு வரும். முன்சீட்டையும் தொட வேண்டியிருக்கும். கார்புரேட்டருக்கு நான்கைந்து பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், இன்ஜெக்டருக்கு நாற்பதுக்கு மேல் வேண்டும். ஆகவே எலக்ட்ரிக் பம்ப், பெட்ரோல் திரும்பிவரத் தனிக் குழாய், துரு துளியும் இல்லாத டேங்க். நாற்பது வருட டேங்கின் அடியில் படிந்திருக்கும் செந்தூள் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும், ஊதி எடுத்துவிடலாம். இன்ஜெக்டரை அடைத்தால் அப்படி நடுவழியில் சரிசெய்ய முடியாது. பழைய மாடலில் டைனமோ இருந்தால் அதையும் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போட வேண்டும். மின்சாரம் சீராக வராவிட்டால் இன்ஜெக்டர்களை இயக்கும் கணினியான இ.சி.யு. குழம்பிவிடும். வேகம் கூடுவதால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் தேவை. அதில் கஞ்சத்தனம் கூடாது.

இவற்றையெல்லாம் உதிரியாகச் சேர்ப்பதைவிட, உடம்பு துருப்பிடித்து இன்ஜின் ஓடுகிற 1.8 எம்.பி.எஃப்.ஐ. அம்பாசடர் ஒன்றை முழுசாக வாங்குவது மேல். வயரிங்கும் இ.சி.யு.வும் சென்சார்களும் ஒன்றுக்கொன்று பழகியவையாகக் கிடைக்கும். அப்படியும் கூலியோடு சேர்த்து மூன்று லட்சத்தைத் தொடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்ற வாதம் கணக்குக்கு நிற்காது. ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், மைலேஜ் லிட்டருக்கு 9 கி.மீ.யிலிருந்து 11ஆகக் கூடுகிறது என்றால் மிச்சம் சுமார் 60 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஆறாயிரம். ஓவர்ஹாலைவிடக் கூடுதலாகப் போட்ட இரண்டு லட்சத்தை எடுக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். திருச்சிக்கும் மதுரைக்கும் அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவருக்கு ஐந்தாவது கியரின் சுகத்துக்காக அந்தப் பணம் தகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறவருக்கு ஓவர்ஹாலே போதும்.

காகித வேலை பலருக்கும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே சாக்காகிவிடும். கார் பதிவாகி 50 ஆண்டு கடந்திருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு பெற வண்டி பெரிய மாற்றம் ஏதுமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டவும் முடியாது. 1970களின் தொடக்கத்து மார்க் 2 வைத்திருப்பவர் இசுசுவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதில் எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளட்டும். இசுசுதான் என்று முடிவெடுத்தாலும், கழற்றிய 1489 இன்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.