நிதி விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு: கால்என்விரோஸ்க்ரீன் 4.0 எப்படி இருக்கிறது?

கலிஃபோர்னியாவில் தென்மேற்கு ஃபிரெஸ்னோவின் பள்ளி ஓரங்களிலும் தெருக்களிலும் நிழல் மரம் நடுகிற சின்னக் குழு எங்களுடையது. அலுவலகம் முடிந்து வந்து நிதி விண்ணப்பம் எழுதுவது என் பொறுப்பு. அந்த நேரமெல்லாம் என் கணினியில் திறந்திருப்பது கால்என்விரோஸ்க்ரீன் 4.0. மாநில அரசின் சுற்றுச்சூழல் சுகாதார இடர் மதிப்பீட்டு அலுவலகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட இலவச வரைபடம் இது; மாசும் அதன் பாதிப்பும் எந்தப் பகுதியில் அதிகம் என்று காட்டும்.

மாநிலம் முழுவதையும் சுமார் 8,000 சென்சஸ் டிராக்டுகளாக (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வகுத்த சிறு பகுதிகள்) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 21 அளவுகள் தருகிறது. ஒரு பக்கம் மாசு: ஓசோன், நுண்துகள், டீசல் புகை, பூச்சிக்கொல்லி, குடிநீரில் கலந்த நச்சு என்று நீள்கிறது. மறுபக்கம் மக்கள்: ஆஸ்துமா, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், வறுமை, வேலையின்மை, வீட்டுச் செலவுச் சுமை. இரண்டையும் கூட்டாமல் பெருக்கி மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஒரே புகையைச் சுவாசித்தாலும், கையில் காசும் உடம்பில் தெம்பும் இல்லாதவரைத்தானே அது அதிகம் படுத்துகிறது?

இந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. கார்பன் ஏலத்தில், அதாவது புகை வெளியிடும் நிறுவனங்களுக்கு மாநிலம் அனுமதிகளை விற்பதில், வரும் நிதியில் 25 சதவீதம் பின்தங்கிய பகுதிகளின் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்றது 2012இன் எஸ்.பி. 535 என்ற மாநிலச் சட்டம். அந்த 25 சதவீதமும் அந்தப் பகுதிகளுக்கு உள்ளேயே செலவாக வேண்டும் என்று 2016இன் ஏ.பி. 1550 இறுக்கியது. மதிப்பெண்ணில் மேல் கால்பங்கில் வரும் டிராக்டுகள்தான் பின்தங்கிய பகுதிகள் என்று அரசு வைத்திருக்கும் பட்டியலின் பெரும்பகுதி. முகவரியைத் தட்டினால் நம் தெரு அதில் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. முதல் விண்ணப்பத்தில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டபோது, பட்டியலில் இருக்கிற எல்லாரும் இதையேதான் எழுதுகிறார்கள், உங்கள் தெருவில் என்ன பிரச்சினை என்று சொல்லவில்லையே என்றார்கள். சரியான கேள்வி. மேல் கால்பங்கு என்றாலே சுமார் 2,000 டிராக்டுகள் வந்துவிடும். அப்புறம்தான் டிராக்டைச் சொடுக்கி ஒவ்வோர் அளவையும் தனித்தனியாகப் படிக்க ஆரம்பித்தேன். இன்னொன்று: 92ஆவது பெர்சென்டைல் என்றால் 92 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று அர்த்தமில்லை. மாநிலத்தின் 92 சதவீத டிராக்டுகளைவிட இங்கே நிலைமை மோசம் என்று அர்த்தம். இதைத் தப்பாக எழுதிய விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதன் பெரிய ஓட்டை எனக்குப் புரிந்தது ஒரு சர்ச் கூடத்தில். வரைபடத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கைப்பையைத் திறந்து பேரனின் இன்ஹேலரை எடுத்தார். அதன் முதுகில் மிச்சம் எத்தனை முறை அடிக்கலாம் என்று காட்டும் சின்ன எண்: 11. மாதக் கடைசி வரை அதை ஓட்ட வேண்டும் என்றார். எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போவீர்களா என்று கேட்டேன். பில்லுக்குப் பயந்து இதுவரை போனதில்லை என்று ஸ்பானிஷில் சொன்னதைப் பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார். கால்என்விரோஸ்க்ரீனின் ஆஸ்துமா கணக்கு முழுக்க எமர்ஜென்சி வருகைகளிலிருந்து எடுத்தது. அந்தப் பையன் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேறு குறைகளும் உண்டு. டிராக்ட் எல்லைகள் 2010 சென்சஸில் போட்டவை, அதனால் புதிய சென்சஸ் எண்களோடு சேர்த்துப் பார்க்கும்போது கவனம் வேண்டும். இனம் மதிப்பெண்ணில் சேராது, தனி ஆய்வாகத்தான் கிடைக்கிறது. எங்களுக்கு முக்கியமான வெயிலும் மர நிழலும் 21 அளவுகளில் இல்லை. கோடையில் ஃபிரெஸ்னோ 40 டிகிரியைத் தொடுகிற ஊர், இதை எப்படி விட்டார்கள்? மர நிழலுக்கு நான் கலிஃபோர்னியா ஹெல்தி ப்ளேசஸ் இன்டெக்ஸ் என்ற இன்னோர் இலவச வரைபடத்தை நாடுகிறேன். அதில் இருக்கிறது.

அடுத்த விண்ணப்பத்தில் டீசல், ஆஸ்துமா, மர நிழல் மூன்றை மட்டும் எடுத்தேன். பாட்டியின் சம்மதத்தோடு, பெயர் போடாமல், அந்த 11ஐயும் எழுதினேன். நிதி கிடைத்தது. பள்ளி வேலியோரம் சைனீஸ் பிஸ்தாஷ் கன்றுகள் இப்போது என் தோள் உயரம்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: இந்த வரைபடத்தின் எண்கள் உள்ள எக்செல் கோப்பை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி மத்திய அரசு வைத்திருந்த இஜேஸ்க்ரீன் என்ற வரைபடம் 2025 பிப்ரவரியில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதை நம்பிப் பாதி விண்ணப்பம் எழுதி வைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.