‘முழுசா ரெஸ்டோர் பண்ணின’ 2சிவி: பணம் கொடுக்கும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

‘ஃபுல் ரெஸ்டோரேஷன், ஒரு வேலையும் பாக்கி இல்லை’ என்று விற்கப்பட்ட சிட்ரோவன் 2சிவி6 (பழைய பிரெஞ்சு சிறு காரான 2சிவியின் ஒரு வகை) ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தவை இவை. 1980களின் மாடல். பெயிண்ட் பளபளப்பு, புது சீட் துணி, புதுக் கூரைத் துணி. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இப்படி விற்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஆளைவிட முறையைத் தெரிந்துகொள்வதே உபயோகம்.

வாங்கியவர் கைக்கு வந்த சில வாரங்களில் பிரேக் பெடல் தொளதொளத்தது. அப்புறம் முன் பிரேக் பிடித்தால் விடாமல் இறுகிக்கொண்டது. பிரேக் ஆயில் ரிசர்வாயர் மூடியைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது: உள்ளே பச்சை நிறத்தில் இருக்க வேண்டிய எல்.எச்.எம். (மினரல் ஆயில்) இல்லை, மஞ்சளாக டாட் 4 (சாதாரண பிரேக் ஃப்ளூயிட்) இருந்தது.

2சிவியில் 1981 நடுப்பகுதி வரை முன்னாலும் டிரம் பிரேக்தான், சாதாரண பிரேக் ஃப்ளூயிட் போதும். அதன் பிறகு முன்னால் டிஸ்க் வந்தது, கூடவே எல்.எச்.எம். என்ற மினரல் ஆயிலும் வந்தது. இந்த இரண்டுக்குமான ரப்பர் வேறு வேறு. மினரல் ஆயிலுக்கான சீல் டாட் ஃப்ளூயிட் பட்டால் ஊறி உப்பி மென்மையாகிவிடும். டாட் ஃப்ளூயிடுக்கான ரப்பரில் எல்.எச்.எம். ஊற்றினாலும் இதே கதிதான். பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் திரும்பி வராது, டிஸ்க்கை இறுக்குகிற காலிப்பர் பிடித்தபடி நிற்கும், டிஸ்க் சூடேறும். உப்புவதற்கு நாள் எடுக்கும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். டெஸ்ட் டிரைவில் பெடல் கல்லு மாதிரி நிற்கும், வண்டி நேராக நிற்கும், சந்தேகமே வராது.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், அழுக்கேறிய ஃப்ளூயிட் எல்லாம் ஒரே கறுப்புதான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ரிசர்வாயரில் இருந்து சில சொட்டு விடுங்கள். மினரல் ஆயில் என்றால் மேலே மிதக்கும். டாட் 3, டாட் 4 என்றால் தண்ணீரோடு கரைந்துவிடும். ஒரு நிமிட வேலை. விற்பவர் இதற்கு மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வண்டியின் வருடத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். பழைய டிரம் வண்டியில் பிந்தைய டிஸ்க் கியர்பாக்ஸை ஏற்றுவது வழக்கமான மாற்றம். முன் பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸின் இருபக்கமும் டிரம்மா டிஸ்க்கா என்று கண்ணால் பாருங்கள். மாற்றியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர், பின் வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாமே எல்.எச்.எம்.முக்கு உரியவையாக மாறியிருக்க வேண்டும். பாதி மாற்றிப் பாதியை விட்ட வண்டிகள்தான் ஆபத்தானவை. (சிட்ரோவனின் இன்னொரு பழைய காரான டிஎஸ் வாங்குகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு: பழைய வண்டிகளில் சிவப்பு எல்.எச்.எஸ். ஃப்ளூயிட், பிந்தையவற்றில் பச்சை எல்.எச்.எம். அங்கே மாற்றி ஊற்றினால் பிரேக்கோடு சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்து போகும்.)

தவறான ஆயில் ஊற்றியது தெரிந்துவிட்டால் வடித்துவிட்டு சரியானதை ஊற்றினால் போதும் என்று சொல்கிற மெக்கானிக்கை நம்ப வேண்டாம். ஊறிய ரப்பர் பழைய நிலைக்கு வராது. மாஸ்டர் சிலிண்டர், இரண்டு காலிப்பர், இரண்டு பின் வீல் சிலிண்டர், எல்லா ஹோஸ்களும் சீலோடு மாற வேண்டும். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்து முழுக்க உலர்த்திய பிறகே எல்.எச்.எம். விட வேண்டும்.

அடுத்தது சேஸிஸ். பிரேக்கைவிடச் செலவு வைப்பது இதுதான். மெல்லிய தகடுகளைப் பெட்டி போல இணைத்த தட்டையான சேஸிஸ் அது. தண்ணீர் உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே நன்றாகத் தெரிகிற இடத்தில்கூட உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. இந்த வண்டியில் துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே தகடு வைத்து ஓரம் மட்டும் பற்றவைத்து, அதன்மேல் தார் போன்ற அண்டர்சீல் கோட்டிங்கைத் தடிமனாகப் பூசியிருந்தார்கள். புதிதாக, கறுப்பாக, ஒரே சீராக இருக்கிற அண்டர்சீலைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அடியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். சத்தம் மொத்தென்று செத்துக் கேட்கிற இடத்தில் ஏதோ இருக்கிறது. ‘சேஸிஸ் புதுசு’ என்று சொன்னால் பாடியைக் கழற்றி வைத்த போட்டோவும் சேஸிஸ் வாங்கிய ரசீதும் கேளுங்கள். 2சிவியில் பாடி சேஸிஸ்மேல் போல்ட்டில்தான் உட்கார்ந்திருக்கும், அதைத் தூக்காமல் சேஸிஸ் மாற்ற வழியில்லை. போல்ட் தலைகளில் பழைய பெயிண்ட் உடையாமல் இருந்தால் அந்தப் பேச்சு பொய்.

பாடிக்குக் காந்தம் போதும், மெல்லிய துணி சுற்றி வையுங்கள்; ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி. பெயிண்ட் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது: கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான், மறுபடி அடித்தது 200, 300 காட்டும், 1000ஐத் தாண்டினால் உள்ளே பட்டி.

கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பார்க்கும்போது ஒரு விஷயம். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் பேரிங்கிலா கிங்பின்னிலா என்று பிரித்தறிய, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்வதும் வழக்கம். 2சிவியில் அது வேலைக்கு ஆகாது. பிரேக் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் மிதித்தாலும் ஹப் பேரிங் இறுகாது. டார்ச் அடித்து, சஸ்பென்ஷன் ஆர்மும் ஹப்பும் சேரும் இடத்தில் அசைவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தால், அந்த ‘ரெஸ்டோரேஷனுக்கு’ அப்புறம் அங்கே யாரும் கிரீஸ் வைத்ததே இல்லை.

இன்ஜின் சூடாக இருக்கும்போது போய்ச் சேர்ந்தீர்கள் என்றால் ஆறும் வரை காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில்தான் குறை தெரியும். இக்னிஷனுக்கான பாயின்ட் செட் ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஃபேனைக் கழற்றாமல் கை போகாது. அதனாலேயே பலர் அதைத் தொடுவதில்லை. டயரில் பாலிஷைப் பார்க்காமல் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2308 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

காகிதத்திலும் ஏமாற்று உண்டு. வருடம் பழசானால் விலை ஏறும் என்பதால், பழைய பதிவைப் பிந்தைய பாடிக்கு மாட்டி விற்கிறார்கள். 1964 வரையிலான 2சிவிகளில் முன் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு முன்பக்கமிருந்து திறக்கும். 1960 என்று காகிதம் காட்டுகிற வண்டியில் கீல் முன்பக்கம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் எதையும் உடனே பிரிக்க வேண்டாம். முதலில் வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். ரிசர்வாயரில் இருப்பதில் கொஞ்சத்தை மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். விளம்பரத்தையும் ‘ஒரு வேலையும் பாக்கி இல்லை’ என்று வந்த மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், விளம்பரம்தான் முதலில் காணாமல் போகும். விற்றவருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு கடையில், சீல்களின் நிலையையும் சேஸிஸ் ஒட்டுகளையும் எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்னும் பின்னும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சீல்களைக் கடைக்காரர் குப்பையில் போட்டுவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள்.