நெஞ்செரிச்சலுக்கு மோரா, பாலா, ஆப்பச் சோடாவா?

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமும் சாப்பிட்டுவிட்டு, வீடு திரும்பிய கையோடு படுத்துவிட்ட ஓர் இரவில், ஒரு மணி வாக்கில் எனக்கு நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை காந்தல் ஏறியது. விளக்கைப் போட்டதும் வீடு முழுவதும் விழித்துக்கொண்டது; அம்மா மோர் கரைக்க எழுந்தார், மாமனார் குளிர்ந்த பால்தான் சரி என்றார், மைத்துனர் அரைக் கரண்டி ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து நின்றார். மூவரும் தத்தம் மருந்தால் குணமடைந்தவர்களே என்பதால் ஒருவர் சொல்வதைத் தள்ளி மற்றவர் சொல்வதைக் கொள்வது எளிதாக இல்லை. அன்று நான் பாலைக் குடித்தேன். அது தவறான தேர்வு என்பது இரண்டு மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டிய அந்தத் தசை, வயிறு முட்ட உண்ட பின்போ, கொழுப்பு மிகுந்த உணவு உள்ளே கிடக்கும்போதோ, வேளை தவறித் தளர்ந்துவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலே எதுக்களிக்கிறது. இரைப்பையின் உட்சுவருக்குத் தடித்த சளிப்படலம் காவலாக இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய காவல் இல்லாததால் எரிகிறது. ஆகவே எந்தக் கைவைத்தியமானாலும், மேலேறிய அமிலத்தை அது முறிக்கிறதா, கழுவிக் கீழே இறக்குகிறதா, மறுபடி ஏறாமல் தடுக்கிறதா என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு பாலுக்கு ஏறத்தாழ 6.6, அதாவது நடுநிலைக்கு மிக அருகில். எரிகிற குழாயில் அது இறங்கும்போது கிடைக்கும் இதம் உண்மையானது. ஆனால் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. கொழுப்போ இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இதில் ஏமாந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமல்லர். சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி 1915-இல் வெளியிட்ட சிகிச்சை முறையில், வயிற்றுப் புண் நோயாளிகளுக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும் கொடுத்து, இடையிடையே அமிலமுறிப் பொடிகளும் தரப்பட்டன. அந்த முறை பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளில் கோலோச்சியது. பால் குடித்த பின் சுரக்கும் அமிலத்தை அளந்து பார்த்தபோதுதான், அமிலத்தை அடக்கும் என்று நம்பப்பட்ட பாலே அதைப் பெருக்குவது தெளிவாயிற்று. பால்தான் வேண்டும் என்பவர்கள் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டை விட்டுவிட்டு, 3 சதவீதமுள்ள நீலப் பாக்கெட்டை எடுத்து, கால் தம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மோரின் கதை இதற்கு நேர்மாறானது. அது புளித்த பொருள். பாலைவிட அமிலத்தன்மை மிகுந்தது. புளியேப்பத்துக்குப் புளிப்பையே கொடுப்பதா என்று மாமனார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் தயிரின் பி.எச். ஏறத்தாழ 4.5, இரைப்பை அமிலத்தின் அளவு 1.5 முதல் 3.5 வரை. இந்த அளவில் ஓர் எண் குறைந்தாலே அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதால், அமிலத்தோடு ஒப்பிட்டால் மோர் சாதுதான். வெண்ணெய் எடுத்த, நீர்க்கக் கரைத்த மோரில் கொழுப்பு மிகக் குறைவு. குழாயில் ஒட்டியிருப்பதைக் கழுவி இறக்கவும் செய்கிறது. பெரிய ஆய்வுகள் இதற்குப் பின்னால் நிற்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். கேடு குறைவு, பயன் ஓரளவு என்பதே என் கணிப்பு.

ஆனால் எந்த மோர் என்பது முக்கியம். அம்மா கரைப்பது, அன்று உறை ஊற்றிய புளிக்காத தயிரில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு, மத்தால் கடைந்து, மேலே திரளும் வெண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போட்டது. திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் கிடைக்கும் நீர்மோர் பச்சை மிளகாயும் இஞ்சியும் எலுமிச்சையும் தட்டிப் போட்டது. வெயிலுக்கு அதைப்போல் ஒன்று இல்லை, நெஞ்செரிச்சலுக்கு அதைப்போல் பகை இல்லை.

வேகத்தில் ஆப்பச் சோடாவை மிஞ்ச இவற்றில் எதுவும் இல்லை. சோடியம் பைகார்பனேட் என்ற இந்தச் சோடா அமிலத்தைத் தொட்ட நொடியிலேயே முறிக்கத் தொடங்குகிறது. அதே வேதிவினையில் கரியமில வாயுவும் பிறப்பதால் வயிறு உப்பி, பெரிய ஏப்பம் வருகிறது. குடித்தவர் அதையே குணமானதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். ஏப்பம் வெளியேறவும் அதே தசை வளையம்தான் திறக்க வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை. காற்றுக்குத் திறந்த வாசலில் அமிலமும் வரும். பெட்டிக்கடைக் கோலி சோடாவின் நிலைமை இன்னும் மோசம். அதில் முறிக்கும் சக்தி கிடையாது, வாயு மட்டுமே உண்டு. ஆப்பச் சோடாவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அரை டீஸ்பூனில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் சேர்கிறது. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சோடியம் உட்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடக்கூடாது. சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வயிறு முட்ட உண்டவுடன் குடித்து, திடீரெனப் பெருகிய வாயுவால் இரைப்பையே கிழிந்த நிகழ்வுகள் அரிதாக மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பாக்கெட்டில் விற்கும் பொங்கும் உப்புகளும் அடிப்படையில் இதே சோடாவோடு சிட்ரிக் அமிலம் சேர்ந்தவைதான்.

சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பெருங்காயம் ஆகியவற்றை இந்தப் பந்தயத்தில் சேர்ப்பதே பொருத்தமில்லை என்று நினைக்கிறேன். அவை வயிற்று உப்புசத்துக்கான கைவைத்தியங்கள், நாம் இரண்டையும் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். இஞ்சி, இரைப்பை காலியாவதை விரைவுபடுத்தக்கூடியது என்றாலும், அளவு மீறினால் தானே எரிச்சலைத் தரும். புதினா குளிர்ச்சியாகத் தோன்றினாலும் அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடியது என்பதால் அதைத் தவிர்க்கலாம். சாப்பிட்ட பின் சர்க்கரையில்லாத சூயிங் கம்மை அரை மணி நேரம் மெல்வது மட்டும் கவனிக்கத்தக்கது. ஊறிவரும் உமிழ்நீரில் இயற்கையாகவே பைகார்பனேட் இருக்கிறது, அடிக்கடி விழுங்குவதால் குழாயும் கழுவப்படுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாக வைப்பது அடுப்படியில் இல்லாத ஒன்றை. இரவில் வரும் எரிச்சலுக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே அமைகிறது. மேலேறிய அமிலமும் விரைவில் இறங்குகிறது. இரண்டு மூன்று தலையணைகளை அடுக்குவது இடுப்பில் மடித்து வயிற்றை அழுத்துமே தவிர உதவாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் இரண்டிரண்டு செங்கல்லைக் கிடையாக வைத்தால், தேவையான 15 சென்டிமீட்டர் உயரம் கிடைத்துவிடும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பவருக்குச் செங்கல்லும் பெரும்பாலும் வேண்டியிராது. எனவே என் வீட்டில் இப்போது பகல் விருந்துக்குப் பின் எரிந்தால் நீர்த்த மோர், இரவில் எரிந்தால் எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர், பிறகு இடப்பக்கம் என்பதே நடைமுறை. ஆப்பச் சோடா ஆப்பத்துக்குத் திரும்பிவிட்டது.

எப்போதாவது வரும் எரிச்சலுக்கே இந்த ஒப்பீடு பொருந்தும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போன்ற இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்த்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும், வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சோடா வாங்க ஆளனுப்பாமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.